கயிற்றுக்கு அங்கால் நின்ற கோச்

மாரெக் முதல்தடவை லண்டனின் மிச்சம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கதவைத் திறந்து வாசலில் நின்றபடியே கை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் கை கொடுத்தார். வாசற்படிக்குக் குறுக்கே கை கொடுத்தால் சண்டை வரும் என்பது போலந்து நம்பிக்கையாம். எங்கள் வீடுகளிலும் படிக்குக் குறுக்கே எதையும் கொடுக்க வாங்க விடமாட்டார்கள். வெள்ளைக்காரர் எல்லோரும் ஒரே அச்சு என்று நினைத்திருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கட்டட வேலையில் என்னோடு சுவர்ப்பலகை பூட்டுகிறவர் அவர். ஒருகாலத்தில் உதைபந்தாட்டத்தில் முன்கள வீரர். தன் சிறுநகரக் கழகத்துக்குப் பதினேழு வயதில் ஆடத் தொடங்கி, நாட்டின் இரண்டாம் பிரிவுவரை போனவர். இருபத்தாறில் முழங்கால் போயிற்று. சத்திரசிகிச்சை முடிந்து திரும்பியபோது கழகத்தில் அவருடைய அலுமாரியில் வேறொருவரின் சப்பாத்து இருந்ததாம். பயிற்சியாளருக்குப் படித்தார், வேலை கிடைக்கவில்லை, லண்டனுக்கு பஸ் ஏறினார். ஒரு தேநீர் இடைவேளைக்குள் இவ்வளவையும் யாரோ ஒருவரின் கதை மாதிரிச் சொல்லி முடித்தார். அகதியாக வந்த நான்தான் ஊரை இழந்தவன் என்று எனக்கொரு திமிர் இருந்தது. அது அன்றைக்குக் கொஞ்சம் அடங்கியது.

லண்டனில் இயங்கும் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு நான் செயலாளர். கோடையில் இங்கே புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் மோதும் சுற்றுப்போட்டியில் முதற்சுற்றைத் தாண்டாத அணி எங்களுடையது. மாரெக்கைக் கூட்டிவந்தேன். இரண்டு வருடம் ஒரு ஞாயிறும் தவறவில்லை. சோற்றைக் குறையுங்கள் என்று பெடியன்களைத் திட்டிவிட்டு, எங்கள் வீட்டில் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிடுவார். இந்தக் கோடையில் இறுதியாட்டத்துக்கு வந்தோம். அதே வாரம் அவருடைய பழைய கழகம், இளையோர் அணியைப் பழக்க வரச்சொல்லி அழைத்தது. பதினைந்து வருடம் காத்திருந்த அழைப்பு.

"ஒரு கிழமை தவணை கேட்டிருக்கிறேன். முதலில் எங்கள் ஆட்டம்," என்றார்.

ஆட்டத்தன்று எதிரணி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது. விளையாடுகிறவரும் பழக்குகிறவரும் தாய்வழியிலோ தந்தைவழியிலோ அந்த ஊராக இருக்கவேண்டும் என்பது விதி. எங்கள் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஆளை வெளியில அனுப்பும். இல்லாட்டி கப் போயிடும்."

"ரெண்டு வருசமாப் பழக்கினவர், அண்ணை."

"ஓம், ஆர் இல்லையெண்டது? கொஞ்ச நேரந்தானே, கயித்துக்கு அங்கால நிக்கட்டும்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். அவரை நீக்குகிறோம் என்ற கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். போய்ச் சொன்னவனும் நான்தான். என்ன பிழை விட்டேன் என்று மாரெக் கேட்டார். பிழையொன்றுமில்லை, நீங்கள் எங்கள் ஊரில்லை என்றேன். நன்றாக விளங்கியதுபோலத் தலையாட்டிவிட்டு, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போனார். அந்தத் தலையாட்டலை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அவர் பழக்கிய மூலை உதையில்தான் வென்றோம். திரும்பிப் பார்த்தேன், கயிற்றுக்கு அப்பால் ஆளில்லை. போலந்துக் கழகமும் காத்திருக்கவில்லை, வேறொருவரை எடுத்துவிட்டது என்று பிறகு அறிந்தேன். அவர் வேலைத்தளத்தை மாற்றிக்கொண்டார். என் அழைப்புகளை எடுப்பதில்லை.

கோப்பைப் படம் வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போயிற்று. மறுநாளே ஊர்க் கழகத்திலிருந்து ஒரு அண்ணை அழைத்தார்.

"கலாதியான வெற்றி. ஆர் பெடியளைப் பழக்கினது?"

"எங்கட ஊர் ஆள்தான், அண்ணை." என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

அவருக்குச் சந்தோசம். "அப்பிடியே? ஆற்ற மகன்?"

மாரெக்கின் தகப்பன் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.