கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி

இடது கண்ணில் கரும்புச் சாம்பல் பறந்தது. ஃபிஜியில் எங்கள் ஊரான லோவுவில் அறுவடைக்கு வயலைக் கொளுத்தினால் சோற்றில்கூடக் கருந்துகள் விழும். எனவே நான்கு நாள் கையால் விரட்டிக்கொண்டே திரிந்தேன்.

மனைவி கமலா நர்ஸ். “சாம்பலா? கவர்மெண்ட கவுத்ததுலேருந்து இங்க யாரு கரும்பு கொளுத்துனா?” என்றாள்.

உண்மைதான். ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்து விவசாயிகள் வெட்ட மறுத்ததால் அந்த ஆண்டு கரும்பு அப்படியே நின்றது. என் புத்தியை என்னவென்று சொல்ல!

விழித்திரை (கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் நரம்புப் படலம்) பிரிந்துவிட்டது என்றார் டாக்டர். அது மூளையின் ஒரு பகுதியாம். சுவரை விட்டு விலகினால் அதன் செல்கள் பட்டினியால் சாகும். செத்தவை மீண்டும் முளைக்காது. மாகுலா (கூர்ந்து பார்க்க உதவும் நடுப்பகுதி) மட்டும் இன்னும் ஒட்டியிருந்தது.

மறுநாளே அறுவை சிகிச்சை. “விமானப் பயணம் ஏதும் உண்டா?” என்று படிவத்தோடு வந்தவர் கேட்டார். பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்க்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். கமலாவின் நர்ஸ் வேலையை வைத்து, மகளையும் சேர்த்து எங்கள் மூவருக்கும் ஆஸ்திரேலிய விசா வந்திருந்தது. விமானம் ஏறும்வரை இதை யாரும் வெளியே விடுவதில்லை. தெரிந்தால் வீட்டுச் சாமானை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.

“இல்லை” என்றேன்.

கண்ணுக்குள் வாயு நிரப்பிப் படலத்தை அழுத்தி வைத்தார்கள். பத்து நாள் குப்புறக் கிடந்தேன். பிறகுதான் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பிளேன்ல வாயு விரியும், கண்ணு போயிடும். கரைய ரெண்டு மாசமாகும். முன்னாடியே சொல்லியிருந்தா வாயுவுக்குப் பதிலா விரியாத எண்ணெய் வச்சிருப்போமே!”

விசாப்படி ஆஸ்திரேலியாவுக்குள் முதல்முறை நுழைய ஐந்து வாரமே மிச்சம். கெடுவை நீட்டிக்கக் கேட்டேன், தவறினால் புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள். என் மேல் எனக்கே வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? இதைப் படிக்கும் நோயாளிகளே, ஊருக்கு மறைப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

“தாத்தா கரும்புக் கூலியா கப்பல்ல இங்க வந்தாரு, நீங்களும் கப்பல்லயே வாங்க” என்று சிரித்த கமலா, உடனே அழுதாள். கெடுவுக்குள் மகளோடு அவள் கிளம்பினாள்.

குமிழி மேலே மிதந்தாலும், பிம்பம் தலைகீழாக விழுவதால் எனக்கு அது கீழே தெரிந்தது. அதன் விளிம்பு தினமும் ஒரு நூல் இறங்கும். காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கெடு முடிந்த பன்னிரண்டாம் நாள் குமிழி மறைந்தது.

இப்போதும் நிறைகுடம் சுமப்பவன்போல்தான் எழுந்திருக்கிறேன். அந்தக் கண்ணில் கதவுச் சட்டம் சற்றே வளைந்திருக்கிறது.

கமலா ஃபோனில் கேட்டாள்: “கண்ணு தெரியுதா?”

“நல்லா தெரியுது.”

“என்ன தெரியுது, சொல்லுங்க.”

சுற்றிப் பார்த்தேன். சாமான்களை விற்றது போகக் கூடத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதைச் சொன்னேன்.