ஒரே பையில் இருவர் துணி: சித்தூரிலிருந்து திருமலைக்கு

மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் முடி இறக்குவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். பேரனுக்கு மூன்று மாதம் ஆனதும், போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் கிளம்பினோம்.

நகரியில் துண்டும் லுங்கியும் வாங்கி விற்று மேலே வந்தவன் நான். துணி அடுக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற நினைப்பு. எல்லாவற்றையும் இறுக்கிச் சுருட்டி, கடையில் வைப்பதுபோல ரகம் ரகமாக அடுக்கினேன். அடியில் புடவை, வேட்டி; மேலே சட்டை; இடுக்குகளில் பாவாடை, ஜாக்கெட். இரண்டு பைத் துணி ஒரே பையில் அடங்கியது. அவள் தனிப்பை கேட்டாள். வீண் சுமை என்று நான்தான் தடுத்தேன்.

காலை ஐந்தரைக்குச் சித்தூரில் பஸ். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஆளுக்கு நூற்றிருபது ரூபாய். திருப்பதியில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலை பஸ் பிடித்தோம். ஒன்பது மணிக்கு மேலே இருந்தோம். தரிசனம் பதினொன்றுக்கு.

முடி இறக்கும் இடத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பை என் தோளோடு வந்துவிட்டது. அவள் போனும் அதில்தான். நானும் மொட்டை அடித்து, குளித்து, இடுப்பில் துண்டோடு வெளியே வந்தேன். பெண்கள் பக்கம் பெருக்கும் அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"சித்தூர்க்காரரு, செகப்புப் பை, நீதானா? உம் பொண்டாட்டி குளிச்சிட்டு ஈரத்தோட நின்னுக்கினு கீறா. துணி குடுப்பா."

வாசலிலேயே பையைத் திறந்தேன். புடவை கிடைத்தது. மற்றது எந்த இடுக்கில் என்று தெரியவில்லை.

"பாவாடை தேடறேம்மா."

"நீ தேடி முடிக்கறதுக்குள்ள அவளே காஞ்சிடுவா. பையோட குடு."

கொடுத்தேன். என் வேட்டியும் அதோடு போனது அப்புறம்தான் உறைத்தது. தைக் குளிரில் நனைந்த துண்டோடு இருபது நிமிடம் நின்றேன்.

அவள் மொட்டைத் தலையோடு வெளியே வந்தாள். "கட்டத் தெரிஞ்ச மனுசனுக்குப் பிரிக்கத் தெரியலியா?" என்றாள். கண் சிவந்திருந்தது. பத்தே முக்காலுக்கு வரிசையில் சேர்ந்தோம். தரிசனம் கிடைத்தது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுருட்டி வையுங்கள், இடம் மிச்சமாகும். ஆனால் ரகம் பார்த்து அடுக்காதீர்கள், ஆள் பார்த்து அடுக்குங்கள். துண்டிலிருந்து ஜாக்கெட் வரை ஒரு செட்டை ஒரு மஞ்சப்பையில் போட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். அன்று நான் மிச்சம் பிடித்த இடத்துக்காக, முன்பின் தெரியாத கூட்டத்தில் அரை மணி நேரம் ஈரப் புடவையோடு நின்றது அவள்.