சுவரில் எழுதிய எண்

மதியம் இரண்டு மணிக்கு சிஸ்டரின் இரண்டு கைகளும் கணவரின் முதுகுக்கு அடியில் இருந்தன. ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு. தூக்கக்கூடாது, உருட்டவேண்டும், தூக்கினால் தோல் உரசும். இடப்பக்கம் புரட்டி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, இடுப்பெலும்பு முட்டும் இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். சிவப்பு வெளுத்தது. புண் தொடங்கவில்லை, இதுவரை பரவாயில்லை. கட்டிலுக்குக் கீழே காற்று மெத்தையின் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

அவள் நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் உதவியாளர் வேலை, ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று, அவ்வளவுதான். தெரு முழுக்க சிஸ்டர் என்றே கூப்பிட்டது. திருத்தித் திருத்தி அவளுக்கே அலுத்துவிட்டது.

கணவர் பஸ் ஓட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி. இந்த வட்டாரத்திலேயே பொண்டாட்டி சொன்னதற்கெல்லாம் சரி சொல்லும் ஒரே ஆம்பளை என்று கீழ்வீட்டுத் தையல்காரர் கேலி பேசுவார். அதற்கும் அவர் "சரி" என்று சிரிப்பார்.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை தொங்கியது. பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது அது: அடுத்த ஷிப்டுக்கு வருபவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலை செய்யும்படி எல்லாவற்றையும் எழுதி வை. அவளும் எழுதி வைத்திருந்தாள். புரட்டவேண்டிய நேரம், மாத்திரை, டாக்டர் போன். அதற்குக் கீழே மாதாமாதம் அவருக்கு வரும் அரசு உதவித்தொகை அட்டையின் எண், பிறந்த தேதி, ரகசிய எண், அலுவலகத்தில் கேட்கும் பாதுகாப்புக் கேள்விக்கான பதில். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் வந்தாலும் மனுஷன் பட்டினி கிடக்கக்கூடாது என்று, குண்டு எழுத்தில்.

அந்த உதவித்தொகை இரண்டு மாதமாக வரவில்லை. முதல் மாதம் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமைதோறும் மதியம் வந்து மாமாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டும் தங்கச்சி, எல்லாருக்குமே தாமதமாகத்தான் வருகிறதாம் என்று சொல்லியிருந்தாள். இரண்டாவது மாதம் காற்று மெத்தையை வாடகைக்குக் கொடுத்தவர் போன் செய்தார். பத்து நாளுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் மெத்தையை எடுத்துப் போய்விடுவார்களாம். சாதா மெத்தையில் ஒரே வாரத்தில் அவர் முதுகு என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும். எலும்பு தெரியும் புண்களுக்கு அவள் கட்டுப்போட்டிருக்கிறாள்.

நேற்று, புதன்கிழமை, தையல்காரரைக் கணவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு அலுவலகம் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கிளார்க்கம்மா கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான். பணம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. வேறு வங்கிக் கணக்குக்கு. மூன்று மாதத்துக்கு முன்னால் யாரோ போனில் கூப்பிட்டு, எல்லாக் கேள்விக்கும் தப்பில்லாமல் பதில் சொல்லி, கணக்கையும் போன் எண்ணையும் மாற்றியிருக்கிறார்கள். ஒருமுறை மாற்றினால் ஆறு மாதத்துக்கு மறுபடி மாற்ற முடியாது. புகார் கொடுத்தால்தான் உண்டு. செய்தது தெரிந்த ஆள் என்று பெயரோடு எழுதினால் நாலு நாளில் கணக்கை மாற்றி, போன பணத்தையும் தந்துவிடலாம். தெரியாத ஆள் என்றால் விசாரணை, மூன்று மாதம்.

"புது போன் நம்பரோட கடைசி நாலு எண் மட்டும் காட்டுது. ஞாபகம் இருக்கான்னு பாருங்கம்மா."

ஞாபகம் இருந்தது. அது தங்கச்சி புருஷனின் எண். அவன் வேறொரு ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் தினம் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டு விசாரித்தாள். அவன் செத்து மூன்று வருஷமாகிறது. அந்த போன் இப்போது தங்கச்சியிடம். புகார்த் தாளில் கணவரின் பெருவிரல் ரேகை வேண்டும் என்றார்கள். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தே வீடு வந்தாள். பஸ் ஏற மறந்துபோனது.

இரண்டரைக்குத் தங்கச்சி வந்தாள். செருப்பைக் கழற்றி, கைகழுவி, பேப்பரோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிஸ்டர் சுற்றி வளைக்கவில்லை. வார்டில் கெட்ட செய்தியைச் சொல்லும் குரலிலேயே அந்த நாலு எண்களைச் சொன்னாள்.

தங்கச்சி பேப்பரை நான்காக மடித்தாள். அப்புறம் எட்டாக.

"நீதானேக்கா செவுத்துல எழுதி வச்சிருந்த. வாரா வாரம் அதுக்குக் கீழதான் உக்கார்றேன்."

"எழுதி வச்சா எடுத்துக்குவியாடி?"

"என் புருஷன் செத்தப்ப எனக்கு ஒரு பைசா வந்துச்சா? ஒரு காகிதம் சரியில்லன்னு தள்ளிட்டாங்க. உனக்குப் புருஷனும் இருக்காரு, பணமும் வருது. நான் வீட்டு வாடகைக்கு யார்கிட்ட போய் நிப்பேன்?"

"எங்கிட்ட நின்னிருக்கலாம்."

"எத்தன தடவதான் நிக்கிறது? வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே உன் மூஞ்சி கணக்குக் கேக்கும்."

அது பொய்யில்லை என்பதுதான் சிஸ்டருக்குச் சுருக்கென்றது. தங்கச்சிக்கு அவள் கொடுக்காமல் இருந்ததில்லை. ஒருமுறைகூட முகம் சுளிக்காமல் கொடுத்ததுமில்லை. மெத்தை போகப்போவதைச் சொன்னாள். தங்கச்சியின் முகம் வெளிறியது. அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பணம் முழுக்கச் செலவாகிவிட்டது என்றாள். மாமாவின் கால்மாட்டில் போய் நின்றாள். அம்மா அப்பா போனபின் பன்னிரண்டு வயதில் இவர்கள் வீட்டுக்கு வந்தவள் அவள். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விட்டவர் இந்த மனுஷன்.

"மாமா, தப்புதான்" என்றாள்.

எல்லாவற்றுக்கும் வரும் அந்த ஒரு சொல் அப்போது வரவில்லை. அவர் இடது கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அவள் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்தபடியே படியிறங்கினாள்.

நாலு மணிக்குப் புரட்டியபின் சிஸ்டர் புகார்த் தாளையும் மைப்பெட்டியையும் எடுத்து வந்தாள். அவர் தாளைப் பார்த்தார். இடது பெருவிரலை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். மூடிய கையைத் திறக்கும் வித்தை அவளுக்குத் தெரியும். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் விரல் தானாக நெகிழும். வலது கையில் நகம் வெட்டும்போதெல்லாம் அப்படித்தான் செய்வாள். அது செத்த கை. இது வேண்டாம் என்று சொல்லும் கை. மைப்பெட்டியை மூடி வைத்துவிட்டாள்.

ராத்திரி அவளும் சாப்பிடவில்லை, அவரும் இரண்டு கரண்டிக்கு மேல் விழுங்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரைப் புரட்டினாள். இடுப்பில் விரலை வைத்து அழுத்தினாள். இந்தமுறை சிவப்பு வெளுக்கவில்லை. கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து அவருக்குத் தெரியும்படி பிடித்தாள்.

"மெத்த இருக்கும்போதே இப்படி இருக்கு. பாருங்க. நான் வேற ஒண்ணும் சொல்லல."

அவர் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இடது கையை மட்டும் பின்னால் நீட்டினார். விரல்கள் விரிந்திருந்தன. அவள் மை தடவி ரேகையை எடுத்தாள். ஈரத்துணியால் விரலைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் அந்தக் கையை உடனே விடவில்லை.

அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாய் நின்றாள். தெரிந்த ஆள் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். உறவு என்ற இடத்தில் 'உடன்பிறந்த தங்கை' என்று எழுதினாள். கிளார்க்கம்மா புது ரகசிய எண் கொடுத்தாள். இதை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள், அலுவலகத்திலிருந்து பேசுவதாக யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றாள். அப்புறம் பாதுகாப்புக் கேள்விக்குப் புதுப் பதில் கேட்டாள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத பதிலாக இருக்கவேண்டும்.

அம்மா பெயர், பிறந்த ஊர், முதல் பள்ளிக்கூடம், சின்ன வயதுச் செல்லப்பெயர் என்று கிளார்க்கம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவளைப் பற்றியும் அவரைப் பற்றியும் தங்கச்சிக்குத் தெரியாதது என்று ஒன்று வேண்டும். யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.

"உண்மையான பதிலா இருக்கணும்னு இல்லம்மா. உங்களுக்கு ஞாபகம் இருந்தாப் போதும்."

அம்மா பெயர் என்ற இடத்தில், என்றோ அவள் வார்டில் தனியாக இறந்துபோன ஒரு நோயாளியின் பெயரைச் சொன்னாள். கிளார்க்கம்மா தட்டிக்கொண்டாள்.

பத்து மணிக்குப் புரட்டவேண்டும் என்பதால் பஸ் பிடித்து வந்தாள். தையல்காரரை அனுப்பிவிட்டு அவரைப் புரட்டினாள். பழைய அட்டையைக் கழற்றி நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டு, எரிந்து முடியும்வரை நின்றாள். புது அட்டையில் புரட்டும் நேரம், மாத்திரை, டாக்டர் போன் மட்டும் எழுதினாள். வாரக் கட்டங்களைப் போட்டு, யார் வருவார்கள் என்று நிரப்பினாள். வியாழன் மதியத்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டு, அட்டையைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.