கிள்ளான் கடைக்குக் கலைவாணி கொடுத்த பதிலடி

காட்டுப்பாக்கத்தில் பிறந்து பூந்தமல்லியில் வாழ்க்கைப்பட்டு, அங்கே பூக்கடை வைத்திருந்தவள் கலைவாணி. கல்யாணப் பெண்ணுக்குப் பூ ஜடை தைப்பதில் அந்தப் பக்கம் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாழைப்பட்டையில் மல்லி மொட்டுகளை வரிசை பிசகாமல் தைத்து நடுவே ரோஜா இதழை மடித்து வைத்தாள் என்றால், மண்டபத்தில் ஒருவரும் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள்.

முகப்பேரில் அப்படி ஒரு கல்யாணத்துக்கு மலேசியாவின் கிள்ளான் நகரத்திலிருந்து வந்திருந்தாள் சுலோசனா. மணப்பெண்ணின் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்தவள், சாப்பிடக்கூடப் போகாமல் கலைவாணியைத் தேடிப் பிடித்தாள்.

"கிள்ளான்ல இந்த மாதிரி தைக்க ஆளே இல்லக்கா. நாம ரெண்டு பேரும் கடை போடலாமா?"

அப்பா நிலத்தை மனைகளாக விற்றபோது வந்த பங்கைக் கலைவாணி அந்தக் கடையில் போட்டாள். அங்கே கலைவாணி வெளிநாட்டுக்காரி என்பதால் கடை சுலோசனா பேரில்தான் இருந்தது. கலைவாணிக்குக் கிடைத்தது அதே கடையில் வேலை செய்பவள் என்ற விசா.

"பேருக்குத்தான்க்கா. கடை நம்ம ரெண்டு பேருக்கும்லா" என்றாள் சுலோசனா.

கடை நன்றாக ஓடியது. விசாவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது சுலோசனா நாளை, நாளை என்று தள்ளினாள். கலைவாணி தானே விசா கொடுக்கும் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். உங்கள் முதலாளி அனுமதியை ரத்து செய்துவிட்டார், ஊருக்குக் கிளம்புங்கள் என்றார்கள். கடைக்கு ஓடினாள்.

சுலோசனா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. "நீங்க என்கிட்ட வேலை பார்த்தீங்க, நான் சம்பளம் கொடுத்தேன். அவ்ளோதான்லா."

ஊர் திரும்பிய கலைவாணி வேறொரு கம்பெனி மூலம் விண்ணப்பித்தாள். பழைய முதலாளி புகார் கொடுத்திருக்கிறார் என்று திருப்பி அனுப்பினார்கள். சொந்தமாகத் தொழில் செய்ய விசா கேட்டாள். அதற்குக் காட்ட வேண்டிய முதலீடு அவளிடம் இல்லை. இருந்ததெல்லாம் கிள்ளான் கடையில் கிடந்தது.

"போனது போவட்டும் வாணி, வுட்ரு" என்றார் கணவர் தினகரன்.

"வுட்றதா? இன்னாத்துக்கு வுடணும்?"

அவள் காத்திருந்தாள். கிள்ளானில் சரம் கட்ட ஆள் உண்டு, ஜடை தைக்க ஆள் கிடையாது. சுலோசனா சென்னையிலிருந்து பெண்களை எடுத்துத்தான் ஆக வேண்டும். விசாவுக்கு முன்னனுபவம் காட்ட வேண்டும். அந்த வட்டாரத்தில் ஜடை தைக்கத் தெரிந்த எல்லாரும் கலைவாணியிடம் தொழில் பழகியவர்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சி விசாரிப்பதென்றால் அவளுக்குத்தான் போன் போட வேண்டும்.

முதல் போன் வந்தபோது சந்தோஷமாக ஓடிப்போய் எடுத்தாள். "அப்படி ஒரு பொண்ணு என்கிட்ட வேலை பாத்ததே இல்ல சார்" என்றாள். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் அதோடு நின்றது. அடுத்து வந்த பெண்ணுக்கும் அதே பதில். கிள்ளான் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் மணப்பெண்கள் திட்டி எழுதுவதைப் போனில் தேடித் தேடிப் படித்தாள். தினகரன் சாப்பிட உட்கார்ந்தால் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

பிறகு வடிவுக்காகப் போன் வந்தது.

வடிவு செம்பரம்பாக்கத்துக்காரி. கலைவாணி கிள்ளானில் இருந்த காலமெல்லாம் பூந்தமல்லிக் கடையை ஒற்றை ஆளாக நடத்தி, அவள் திரும்பி வந்த அன்றே சாவியைக் கையில் கொடுத்தவள். சுலோசனாவிடம் வேலைக்குப் போகப் போவதைச் சொல்லப் பயந்து மறைத்திருந்தாள்.

"வடிவுன்னு ஒருத்தங்க உங்ககிட்ட வேலை பார்த்தாங்களா மேடம்?"

வெளியே குழாயடியில் வடிவு வாழைப்பட்டை அலசிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் ஹலோ, ஹலோ என்றார்கள்.

"இல்ல சார்" என்றாள் கலைவாணி.

தை மாத முகூர்த்தங்கள் தொடங்கியதும் சுலோசனாவே கூப்பிட்டாள். ஒத்துக்கொண்ட கல்யாணங்கள் கைவிட்டுப் போகின்றன என்று அழுதாள். "பாதிப் பங்கு எழுதித் தர்றேன்க்கா. பர்மிட்டும் நானே எடுக்கிறேன். வந்துடுங்க."

"நான் உன் வேலக்காரிதானே? வேலக்காரி வேலைய வுட்டு நின்னுட்டேன்னு வெச்சிக்கோ."

போனை வைத்துவிட்டுப் பால்கோவா வாங்கி வந்து கடையில் எல்லாருக்கும் கொடுத்தாள். வடிவும் வாங்கிக்கொண்டாள். விசா கிடைக்கவில்லை என்று அழுது அவள் கண் வீங்கியிருந்தது. கலைவாணி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஏஜென்சிக்காரர் மூலம் வடிவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் கடைக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நான் உங்கிட்ட வேலையே பாக்கலயாக்கா?"

"அவ கடைக்கு நீ போலாமாடி? எனக்கு அவ இன்னா பண்ணான்னு தெரியும்ல?"

"தெரியும். ஊர் பூரா சொல்லிகினு கீற. நீ எனக்குப் பண்ணது இன்னா?"

"உன்னையும் ஏமாத்தியிருப்பா."

"ஏமாந்தா நான் ஏமாந்துட்டுப் போறேன். என் ஊட்டு அடுப்பு எரியணுமா வேணாமான்னு முடிவு பண்ண நீ யாரு?"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை.

பங்குனியில் கிள்ளான் கடை மூடப்பட்டது. இழுத்துவிட்ட ஷட்டரின் படத்தைத் தெரிந்தவர் ஒருவர் அனுப்பினார். கலைவாணி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கி வெகு நாளாகியிருந்தது.

அதற்குள் வடிவு முகப்பேரில் சிறியதாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்த அடுக்குமாடி வீட்டுக் கல்யாணங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் போயின. கலைவாணியின் கடையில் பகலிலும் மின்விசிறிச் சத்தம் தனியாகக் கேட்டது.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசிடேன்" என்றார் தினகரன்.

"சுலோசனா எங்கிட்ட மன்னிப்பு கேட்டாளா?"

"நீ சுலோசனாவா?"

கலைவாணி எழுந்து உள்ளே போய்விட்டாள். பல நாள் கழித்துத் தானாகவே அவரை வடிவிடம் அனுப்பினாள். ஏஜென்சியில் நேரில் போய் உண்மையைச் சொல்வதாகவும், வேறு நாட்டுக்காவது விசா கிடைக்கட்டும் என்றும் சொல்லி அனுப்பினாள்.

தினகரன் போனபோது வடிவு பூ தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

"விசாவெல்லாம் வேணாம்ண்ணா. நான் எங்கயும் போவல, இங்கயேதான் கீறேன்னு அக்காகிட்ட சொல்லு" என்றாள். "அடுத்து பூந்தமல்லிலயும் ஒரு கடை பாத்துனு கீறேன். அதையும் சொல்லிடு."