போறணையின் கண்

எங்கள் வீட்டுச் சாமித் தட்டில், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில், கொண்டைக்கடலை அளவில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. கறுப்பு வயர் ஒன்று வால்போல அதில் ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று கேட்பார்கள். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது எங்க போறணையோட கண்ணுங்க" என்பார்.

கத்தாரில் பல வருடம் பேக்கரி வேலை பார்த்துத் திரும்பிய அண்ணன், பலாங்கொடையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் டீசலில் எரியும் பழைய போறணை ஒன்றை வாங்கி வைத்தார். பாண், பணிஸ், கேக் எல்லாம் அந்த அடுப்பில்தான் வேகும். அந்த வருடம் ஆயுத பூசை முடிந்த மறுநாளிலிருந்து அது மக்கர் பண்ணத் தொடங்கியது. தீ குபீரென்று பிடிக்கும், கொஞ்ச நேரம் எரியும், பிறகு டக்கென்று நின்று சிவப்பு லைட் வரும். சில நாட்கள் காலை முழுவதும் நல்ல பிள்ளையாக எரிந்து எங்களை ஏமாற்றும். மறுநாள் பணிஸைப் பிய்த்தால் நடுவில் பச்சை மாவு. டீசலை மாற்றினோம், ஃபில்டரைக் கழுவினோம், ஒன்றும் நடக்கவில்லை.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே தேயிலைத் தோட்டங்களில் லயம் லயமாக, வரிசை வீடு ஒன்றும் விடாமல், கேக்குக்குச் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் அண்ணன் பரணிலிருந்து தன் பெரிய பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். "தீவாளிக்கும் இது காலை வாரிடுச்சுன்னா வித்துட்டு மறுபடி கத்தாருக்கே போயிர்றேன்" என்றார். அண்ணி பெட்டியைப் பார்க்காமல் மாவு சலிக்கப் போய்விட்டார். அந்தப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் போடலாம்போல எனக்கு ஆத்திரமாக வந்தது.

மெஷின் திருத்தும் சிங்கள பாஸ் இரத்தினபுரியில் இருந்தார். வழியில் மண் சரிந்ததால் அவரால் வர முடியவில்லை. அண்ணன் போனில் சிங்களத்தில் கதை முழுவதையும் சொன்னார். மறுமுனையின் இரைச்சலில் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது: "எஹெ பலண்ட!" கண்ணைப் பாருங்கள் என்று அர்த்தம். அதோடு லைன் கட்டாகிவிட்டது.

"பாத்தியா? அந்தாளுக்கே தெரியுது. நம்ம மெஷினுக்குக் கண்ணு பட்டிருச்சு" என்றார் அண்ணன் என்னிடம்.

பிறகென்ன, பூசணிக்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் கட்டினார். காய்ந்த மிளகாயைச் சுற்றித் தணலில் போட்டதில் போறணையைத் தவிர எல்லோரும் இருமினோம். உண்மையாகவே தீ பிடித்துக்கொண்டது. கைதட்டினோம். முதல் கேக் உப்பத் தொடங்கும்போது நின்றுவிட்டது.

இருமிக்கொண்டிருந்த அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். "என்னங்க, பாஸ் சொன்னது ஊர்க் கண்ணு இல்லீங்க. மெஷினுக்கே ஒரு கண்ணு இருக்கு. பூசைக்குத் தொடச்சப்ப நான்தானே அதைக் கழட்டுனேன்!"

கரண்டை நிறுத்தி, சூடு ஆறியதும் பர்னரின் பக்கத்திலிருந்து அதை வயரோடு உருவினார். தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கண் அது. தீ தெரியாவிட்டால் டீசலை நிறுத்திவிடும். அதன் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமுமாக அம்சமான ஒரு பொட்டு! சந்தனம் காய்ந்து வெடித்த இடுக்கு வழியாக, பாவம், அது இத்தனை நாளும் தீயை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இத்துனூண்டு கண்ணாடிக்கு யாரு பொட்டு வச்சது?" என்று அண்ணன் கத்தினார்.

"நான்தான். எல்லாத்துக்கும் வச்சிட்டு இதை மட்டும் விட்டா கோவிச்சுக்கும்ல?"

துடைத்து மாட்டியதும் பிடித்த தீ அதன்பிறகு நிற்கவே இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் கடைசிக் கேக்கும் தோட்டத்து பஸ்ஸில் ஏறியபோது, பஜார் என்றும் பார்க்காமல் "ஜெயிச்சிட்டோம்!" என்று கத்திவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பின்னர் பாஸ் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று புதுக் கண் பொருத்தினார். பழையது சாமித் தட்டுக்கு வந்தது. கத்தார் பெட்டியில் இப்போது கேக் அச்சுகள் கிடக்கின்றன.

இந்த வருட ஆயுத பூசையிலும் அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தார். பர்னரை நெருங்கியதும் அண்ணன் ஓடிவந்து குறுக்கே நின்றார். அண்ணி சாமித் தட்டுக்குத் திரும்பி அந்தப் பழைய கண்ணுக்கு ஒரு பொட்டு வைத்தார். பிறகு விரலில் மிச்சமிருந்ததை அண்ணனின் நெற்றியில் அழுத்தி வைத்தார்.

"நான் பொட்டு வச்சா நின்னுரும்ல? நீங்களும் இங்கயே நில்லுங்க."