சாமைக் காட்டில் இறங்கிய விமானம்

கொல்லிமலைக்குப் போக நல்ல மாதம் எது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பலாப்பழ வாசனை பிடிக்குமென்றால் சித்திரையில் போங்கள் என்பேன். நான் முதல் தடவை போனதும் சித்திரையில்தான், அறுபதுகளின் தொடக்கத்தில். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு விமானத்தின் வாலைச் சரிசெய்ய.

அப்போது திருச்சியில் விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கான மன்றம் ஒன்றில் நான் மெக்கானிக். அங்கே பயிற்சி கொடுத்த ராகவன், தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது மலைக்கு மேலே இன்ஜின் நின்றுவிட்டது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. மலைமேல் வளப்பூரில், அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த ஒரு சாமைக் காட்டில் எப்படியோ இறக்கிவிட்டான். ஆள் தப்பித்தான், வால் சக்கரம் ஒடிந்துவிட்டது.

சேதி வந்ததும் மாற்றுச் சக்கரத்தையும் கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். திருச்சியிலிருந்து நாமக்கல், அங்கிருந்து சேந்தமங்கலம், பிறகு அடிவாரத்துக் காரவள்ளி. அன்று இரவு அங்கேயே படுத்துவிட்டு, காலை ஆறு மணிக்குச் சுமை தூக்க இரண்டு பேரோடு ஏறத் தொடங்கினேன். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸிலேயே போய்விடலாம். எங்களுக்கு ஒற்றையடிப் பாதைதான். பாதி தூரத்தில் மூடுபனி வந்து சூழ்ந்துகொண்டது. முன்னால் போகிறவரின் தலைப்பாகை மட்டும் மிதந்து போனது. நடக்கிறேனா, தூக்கத்தில் இருக்கிறேனா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மேலே போய்ச் சேர்ந்தபோது மதியம். பனி மெல்ல விலகியது. வெள்ளி நிற விமானம் காட்டின் நடுவே ஈரம் சொட்ட நின்றுகொண்டிருந்தது. காற்று அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று ஊர்க்காரர்கள் அதை மாட்டைக் கட்டுவது போல முளையடித்துக் கட்டியிருந்தார்கள். அத்தனை வருடம் விமானங்களோடு பழகியவன்தான், ஆனாலும் அன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவ்வளவு அழகாக இருந்தது.

காட்டுக்குச் சொந்தக்காரர் வெள்ளையம்மா. நாற்பது வயது இருக்கும். ராகவனுக்கு நான்கு நாட்களாகச் சோறு போட்டவரும் அவர்தான். "மழ எறங்கறதுக்குள்ள உழோணுங்க. உங்க வண்டி எப்பங்க கெளம்பும்?" என்று கேட்டார். எங்களுக்கும் அதே கவலைதான். ஒரு மழை விழுந்து மண் இளகினால் விமானம் ஓடி எழும்பாது. பிறகு அதைத் துண்டு துண்டாகக் கழற்றித் தலைச்சுமையாகத்தான் கீழே இறக்க வேண்டும்.

அன்று மாலையே பெட்ரோலை வடித்துச் சுத்தம் செய்து, சக்கரத்தையும் மாற்றினேன். மறுநாள் காலை இன்ஜின் குறையில்லாமல் ஓடியது. ராகவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கன்ட்ரோல் எல்லாம் தடையில்லாம அசையுது, இன்னும் என்னய்யா?" என்றான்.

"முரட்டுத்தனமா இறங்கின விமானத்தோட வாலை உள்ளே திறந்து கண்ணால பாக்கணும். கையேட்டுல இருக்கு."

"கையேடு எழுதினவன் இந்த மேகத்தைப் பாத்தானா?"

இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன், மன்றத்தில் எனக்கு 'திருகாணி' என்றே பெயர். வாலின் அடியிலிருந்த சிறு மூடியைக் கழற்றிக் கையை விட்டேன். கேபிளுக்குப் பக்கத்தில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் கேபிள் அது. பறக்கும்போது பழம் அதன் மூட்டில் சிக்கினால் அவ்வளவுதான்.

ராகவன் முகம் வெளிறிப் போய், "எவன் வேலை இது?" என்று கத்தினான். கூடியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். நான் அவனை அடக்கிவிட்டு, பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதை வச்சது யாரு, அக்கா? கோபமில்லை, சும்மா சொல்லுங்க" என்று வெள்ளையம்மாவிடம் கேட்டேன்.

"நாந்தானுங்க. எறங்குனப்பத் தம்பி மொகத்தப் பாத்தனுங்க, பயந்து போயிருந்துச்சு. தொணையா இருக்கட்டும்னு அன்னிக்குச் சாயங்காலமே சீட்டுக்குப் பொறத்தால வெச்சனுங்க. தப்புங்களா சாமி?"

"தப்பில்லைக்கா. உள்ளே உருளுற எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்." மூடியைத் திருப்பிப் பொருத்தப் போனேன்.

"அப்ப மத்த ரெண்டையும் எடுத்துருங்க. மூணு வெச்சனுங்க."

மூடியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கையை விட்டேன். வால் தாழ்ந்து நிற்கும் விமானம் அது. இருக்கைக்குப் பின்னால் வைத்தவை எல்லாம் உள்ளே உருண்டு போயிருந்தன. இரண்டாவது பழம் சீக்கிரமே கிடைத்தது. மூன்றாவது, விளக்கடித்தும் தெரியாத மூலையில், மூட்டுக்கு ஒரு சாண் முன்னால் கிடந்தது. ராகவன் மூன்றையும் வாங்கி வெள்ளையம்மாவிடம் கொடுத்தான். பிறகு அவரைக் கும்பிட்டு, "உள்ளே வேண்டாங்க்கா, சக்கரத்துக்கு அடியில வைங்க" என்றான்.

சக்கரத்துக்கு ஒன்றாக அவர் வைத்தார். மூன்றும் நசுங்க விமானம் ஓடி, காட்டின் கடைசி வரப்பைத் தொடுமுன் எழும்பியது. அடுத்த நொடி அதைச் சரிவில் நின்ற பனி விழுங்கிவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் தேய்ந்து நின்றது.

"போய்ச் சேந்துட்டாருன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?" என்றார் வெள்ளையம்மா.

"ஒரு வாரத்துல உங்க தலைக்கு மேல வந்து ஒரு சுத்துச் சுத்தச் சொல்றேன்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. காலையில் ஏறுங்கள், பிற்பகலில் மழையை நம்ப முடியாது. சித்திரையானாலும் ஒரு போர்வை வேண்டும். மலையில் யாராவது அன்பாக எதையாவது கொடுத்தாலோ வைத்தாலோ, நல்லபடியாகக் கேளுங்கள், முழுவதையும் சொல்வார்கள். அன்று நானும் கத்தியிருந்தால் அந்த அம்மா வாயே திறந்திருக்க மாட்டார். மற்ற இரண்டும் உள்ளேயே இருந்திருக்கும்.

சொன்னபடி அடுத்த வாரம் ராகவன் பறந்தான், நானும் கூடப் போனேன். வளப்பூருக்கு மேலே பனி இல்லை. மழை பெய்து, காடெல்லாம் உழுது செக்கச் சிவந்து கிடந்தது. வெள்ளையம்மாவின் காட்டில் மட்டும், நடுவே நீளமாக ஒரு பட்டை உழாமல் அப்படியே கிடந்தது. அதன் ஓரத்தில் நின்று ஒருவர் முந்தானையை வீசினார். எங்களுக்கு மறுபடி இறங்க வேண்டி வந்தால் இடம் வேண்டுமே என்று விட்டிருக்கிறார். ராகவன் இன்னொரு சுற்றுச் சுற்றினான்.