ஆண்டர்சன்பேட்டையில் ஓர் ஆழ்கடல் வீரன்

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் மூச்சிரைக்க நிற்கிறேன். முதுகுப்பையிலிருந்து காலில் மாட்டும் இரண்டு மஞ்சள் நீச்சல் துடுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கடல் இல்லாத ஊரில் அவற்றைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

நண்பனின் திருமணத்துக்கு வந்திருக்கிறேன். நாளை இங்கிருந்து நேராகப் புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா டைவிங். அந்தத் தெம்பில் பழைய தங்கச் சுரங்கத்தின் மண்மேட்டில் ஏறிப் படம் எடுத்தேன். தூசி நெஞ்சை அடைத்துவிட்டது.

மருந்துக்கடை அம்மா இன்ஹேலரைத் தருகிறார். இரண்டு முறை உறிஞ்சியதும் வாய் சும்மா இருக்கவில்லை. டைவிங் பெருமையைச் சொல்கிறேன்.

“ஆஸ்துமாவோட கடலுக்குள்ளயா? டாக்டரு இன்னா சொன்னாரு?”

“அவர்கிட்ட சொல்லல. நெஞ்சு படபடப்புக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தா ஏதாவது தெரிஞ்சு டைவிங் போக முடியாமப் போயிடுமோன்னு அதையும் எடுக்கல.”

“எங்க அப்பா மைன்ஸ்ல இருந்தாரு. சம்பளம் குடுத்து எறக்குனவங்களே நெஞ்சப் பாத்துட்டுதான் கேஜ் லிப்டுல ஏத்துனாங்க. நீங்க துட்டு குடுத்து எறங்குறீங்க, பாக்காம எறங்குவீங்களா?”

வீரமாகச் சிரிக்கிறேன். சிரிப்பு இருமலாகி நிற்க முடியவில்லை. அவர் ஸ்டூலைத் தள்ளுகிறார்.

“உக்காருங்க சார். கடலுக்குள்ள ஸ்டூலு போட யாரும் வரமாட்டாங்க.”

உட்கார்ந்து பயிற்சியாளரை அழைக்கிறேன். எக்கோ எடுத்து, மருத்துவர் சரி என்றால்தான் வருவேன் என்று சொல்லிவிடுகிறேன். உயிர் பற்றிய பயம் போய், மானம் பற்றிய பயம் வருகிறது. கல்யாண மண்டபத்தில் நேற்று முழுக்க ஆழ்கடலைப் பற்றித்தான் பேசினேன்.

துடுப்புகளைப் பைக்குள் அமுக்கப் பார்க்கிறேன், அடங்கவில்லை. அம்மா கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். நாப்கின் பாக்கெட்டைச் சுற்றித் தரும் அதே செய்தித்தாளில் என் துடுப்புகளைச் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத் தருகிறார்.